எல்கேயோடு டெக்சாஸ் வரை

நியூவார்க் விமான நிலையத்தில், அமெரிக்காவுக்கு எதற்காக வந்தீர்கள் என்று குடிவரவு அதிகாரி எல்கேயிடம் கேட்டார். அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நண்பர்களைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். எல்கே என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதிகாரியிடம் தன் கட்டையான ஆங்கிலத்தில், "இல்லை. உங்கள் நாடு திருப்பி அனுப்பப் பார்க்கிற ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தேன்" என்றார்.

எங்கள் இருவரையும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. கைக்குழந்தையோடு ஒரு பெண், தலையைக் கைகளில் தாங்கிய ஒரு கிழவர், நாங்கள். கைபேசியை எடுக்கக் கூடாது. ஈராக்குக்கு ஏன் போனீர்கள், துருக்கிக்கு ஏன் போனீர்கள் என்று ஒருவர் மாறி ஒருவர் வந்து கேட்டார்கள். எல்கே ஒவ்வொன்றுக்கும் உள்ளது உள்ளபடி பதில் சொன்னார். யசீதிச் சிறுபான்மைப் பெண்களைப் பார்க்கப் போனேன். குர்தி வழக்கறிஞர் ஒருவருடைய வழக்குக்குப் போனேன். எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கடவுச்சீட்டுகளைத் தந்து போகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் எல்கே சொன்னார்: "லிங்கம், என் வாய்க்கு நீங்கள் பொறுப்பில்லை."

எல்கே ஜேர்மன்காரி; எண்பது வயது தாண்டிவிட்டது. நான் அவரைவிடச் சில வயது இளையவன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, ஜேர்மனிக்கு அகதியாகப் போய், அங்கே அகதிகளுக்கு மொழிபெயர்ப்பாளனாக ஆனவன். அவர் ஆலோசனை சொல்ல, நான் மொழிபெயர்க்க, நாற்பது வருடம் ஓடிவிட்டது. இந்தப் பயணம் டெக்சாஸில் இருக்கும் சுதன் என்ற ஈழத்து இளைஞனுக்காக. அமெரிக்க எல்லையில் பிடிபட்டுத் தடுப்பில் இருந்தவன், பிணையில் வெளியே வந்திருக்கிறான். அடுத்த கிழமை நீதிமன்றம். அவன் வாக்குமூலம் நிற்காவிட்டால் விமானம் ஏற்றிவிடுவார்கள். எல்கே நிபுணராகச் சாட்சி சொல்ல வேண்டும். வாக்குமூலம் தயாரிக்க அவனுடைய வழக்கறிஞருக்கு நான் உதவ வேண்டும். எல்கே வருகிறார் என்று கேள்விப்பட்டதும் வழியில் இரண்டு ஊர்த் தமிழர்கள் வந்து பேசச் சொன்னார்கள்.

எடிசன் என்ற ஊரில் எங்களைத் தன் வீட்டில் தங்கவைத்தவர் டொக்டர் நேசராசா. காரை ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பித் திரும்பிக் கதைத்ததில் நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டார். இங்கே ஒரு எக்சிட்டைத் தவறவிட்டால் வாழ்க்கையைத் தவறவிட்ட மாதிரி. திரும்ப வழியே இல்லை. "ஊரிலை எண்டால் ஒழுங்கைக்குள்ளால ரிவேர்ஸ் எடுத்திருப்பன்" என்றார். எல்கே வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. டொக்டரின் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

வீட்டில் இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி. டொக்டரின் மனைவி எல்கேக்கு முள்ளுக்கரண்டியும் கரண்டியும் வைத்தார். எல்கே அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையால் பிசைந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் கரண்டியோடு இருந்து வேடிக்கை பார்த்தார்கள். "அம்மா எங்களைவிட நல்லாச் சாப்பிடுறா" என்றார் டொக்டர்.

எல்கேயின் வாழ்க்கை கரண்டியில்தான் தொடங்குகிறது. அதை அன்று மாலை கூட்டத்தில் சொன்னார். அவருடைய தாயார் விசேஷ நாட்களில் மட்டும் வெள்ளிக் கரண்டிகளை வெளியே எடுப்பாராம். அவற்றின் காம்பில் இரண்டு எழுத்துகள் பொறித்திருந்தன. குடும்பத்தில் யாருடைய பெயரும் அந்த எழுத்துகளில் தொடங்கவில்லை. பதினாறு வயதில், இது யாருடையது என்று கேட்டார். தாயார் கரண்டிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். போர்க்காலத்தில், யூதக் குடும்பங்களைக் கொண்டுபோன பிறகு அவர்களுடைய வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள் என்பதை எல்கே தானாகவே தேடி அறிந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் அவர் சாப்பிடவில்லை.

அங்கிருந்து அவர் போனது, ஜிப்சிகள் என்று ஊர் விரட்டிய ரோமா மக்களின் முகாமுக்கு. பிறகு குர்துகள், தமிழர்கள், யசீதிகள். ஒரு தமிழ்க் குடும்பத்தைத் தேவாலயத்தின் பின்னறையில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒளித்து வைத்திருந்தார். ஒரு பையனைத் திருப்பி அனுப்பிய விமானத்தில் தானும் பயணச்சீட்டு வாங்கி ஏறி, உட்கார மாட்டேன் என்று நின்றார். ஒருவர் நின்றுகொண்டிருந்தால் விமானம் புறப்படாது. பொலிஸ் வந்து இருவரையுமே இறக்கியது. அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. இந்த இடத்தில் எப்போதும் கைதட்டுவார்கள். எடிசனிலும் தட்டினார்கள்.

முக்கியமானதைச் சொல்லும்போது எல்கே ஜேர்மனுக்கு மாறிவிடுவார். நான் தமிழில் சொல்வேன். கைதட்டல் அடங்கியதும் மாறினார். அடுத்து வரப்போவது எனக்கு மனப்பாடம்.

"நான் காப்பாற்றியவர்களைப் பற்றிச் சொன்னேன். காப்பாற்றாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் இராசன். விசாரணையில் அவருக்குத் துணையாக நான் பக்கத்தில் இருந்தேன். ஊரில் எல்லோரும் கோயில் மடத்தில் தஞ்சம் புகுந்தபோது நீ ஏன் போகவில்லை என்று அதிகாரி கேட்டார். இராசனின் பதில் சரியாக விளங்கவில்லை. நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரைத் திருப்பி அனுப்பினார்கள். விமான நிலையத்துக்கு வெளியே அவரைக் கண்டவர் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத குற்றம் என்னுடையது."

அதை நான் தமிழில் சொன்னேன். எத்தனையோ ஊர்களில் சொன்ன அதே குரலில் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தார்.

குற்றம் அவருடையது அல்ல. இராசன் பதில் சொன்னார். தெளிவாக, நீளமாகச் சொன்னார். ஷெல் அடி தொடங்கியதும் தாயையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மடத்துக்கு ஓடியிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் என் சாதிக்காரர்; இராசன் ஒடுக்கப்பட்ட சாதி. கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினார்கள். வேறு இடம் பாருங்கோ என்று உள்ளிருந்து குரல் வந்தது. விடிய ஆமி வந்தபோது வெளியில் நின்றவர்களைத்தான் ஏற்றிக்கொண்டு போனது. தம்பியும் அதில் போனான். வேறு தமிழ்க் கிராமத்தில் போய் இருக்கலாமே என்று அதிகாரி கேட்டதற்கு, எந்தக் கிராமத்தில் எங்களுக்குக் கதவு திறப்பார்கள் என்று இராசன் திருப்பிக் கேட்டார்.

நான் ஜேர்மனில் சொன்னது ஒரே வாக்கியம்: "அவருக்கு அங்கே உறவினர் யாரும் இல்லை."

ஆமி எங்களைக் கொன்றுகொண்டிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு முன்னால் நாங்களே எங்கள் ஆட்களுக்குக் கதவைச் சாத்தினோம் என்று எப்படிச் சொல்வது? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படியிறங்கும்போது இராசன் கேட்டார்: "மாஸ்டர், நான் அவ்வளவு நேரம் கதைச்சன். நீங்கள் இவ்வளவுதானோ சொன்னீங்கள்?" ஜேர்மன் சுருக்கமான பாஷை என்றேன். ஜேர்மன் தெரிந்தவர்கள் யாரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இராசன் தலையாட்டினார். அன்று மத்தியானம் அகதி விடுதியில் மீன்குழம்பு வைத்து என்னையும் எல்கேயையும் சாப்பிடக் கூப்பிட்டார். எல்கே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். நான் சாப்பிட்டுவிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் கலிபோர்னியா. சான் ஹொசே விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகள் வந்தன. எல்கே பிடித்துக்கொண்டு நடக்கும் நான்கு சக்கர நடைவண்டி வரவில்லை. அது டென்வருக்குப் போய்விட்டதாக முறைப்பாடு எடுத்த பெண் சொன்னாள். தேடி அனுப்புகிறோம் என்றாள். சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டதற்கு எல்கே, "எனக்கு லிங்கம் இருக்கிறார்" என்று சொல்லி என் முழங்கையைப் பற்றிக்கொண்டார். அங்கே தொடங்கி அவருடைய பாரம் முழுவதும் என் கையில் இருந்தது. நடக்கும்போதெல்லாம் அவருடைய விரல்கள் என் சட்டைக்கு மேலால் அழுத்தின. அந்த அழுத்தம் என்னை உறங்கவிடவில்லை.

குபெர்டினோவில் எங்களை அழைத்திருந்தவர் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவருடைய மகள் எல்கேயிடம் ஜேர்மனியில் பனி பெய்யுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் கேளு என்று தாய் சொன்னதற்கு, இவங்களுக்குத் தமிழ் தெரியாதே என்று அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். நியாயமான பதில்.

சான்டா கிளாராவில் ஒரு உணவகத்தின் மாடியில் கூட்டம். போகும் வழியில் கார்த்திக் காரை ஓரமாக நிறுத்தி, எல்கே பின்சீட்டில் கண்ணயர்ந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "அங்கிள், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். இங்க காஸ்ட் மேட்டர் ரொம்ப சென்சிடிவா போயிட்டிருக்கு. ஆபீஸ்ல, கோர்ட்ல எல்லாம் வந்துடுச்சு. அவங்க அதைப் பத்தி ஏதாவது சொன்னா, நீங்க ட்ரான்ஸ்லேட் பண்ணும்போது கொஞ்சம் ஸ்மூத் பண்ணிடுங்க." நான் ஆகட்டும் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காரைத் திரும்ப எடுத்தார்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் பெண் எழுந்தாள். நீங்கள் உதவிய எல்லாச் சமூகங்களுக்குள்ளும் ஒடுக்கப்பட்ட இன்னொரு கூட்டம் இருந்திருக்குமே, தமிழர்களிடம் நீங்கள் அதைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். கார்த்திக்கின் முகம் வெளிறியது. எல்கே யோசித்து ஜேர்மனில் சொன்னார்: "சாதியைப் பற்றிப் படித்திருக்கிறேன். குர்துகள் தங்களுக்குள் நடக்கும் அநியாயத்தை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ரோமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த தமிழர் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. நான் கேட்டது எல்லாம் லிங்கத்தின் வழியாகத்தான்."

இதில் மழுப்ப ஒன்றுமில்லை. அப்படியே தமிழில் சொன்னேன். பலத்த கைதட்டல். கேள்வி கேட்ட பெண் மட்டும் தட்டவில்லை. என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கார்த்திக் வந்து என் தோளைத் தட்டி, "சூப்பர் அங்கிள், நான் பயந்தே போயிட்டேன்" என்றார். பிறகு மசாலா தோசை வந்தது. ஒரு முழ நீளம், நல்ல முறுகல். என்னால் அதில் பாதிகூட இறக்க முடியவில்லை. எல்கே தன்னுடையதை முடித்துவிட்டு என்னுடையதையும் எடுத்துக்கொண்டார்.

ஒஸ்டினில் இறங்கியபோது அடுப்பைத் திறந்தது போல வெக்கை. ரவுண்ட் ராக்கில் சிவானந்தன் என்ற பொறியியலாளர் வீட்டில் தங்கினோம். கோயில் கமிட்டியில் இருப்பவர், தங்கமான மனிதர். பிணைக்கு நின்றவரும் அவர்தான். தன் மாடி அறையைச் சுதனுக்குக் கொடுத்திருந்தார். "எங்கட பெடியன், விட ஏலுமே" என்றார். சுதன் மெலிந்து, யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பவனாக இருந்தான். சாப்பாட்டு மேசைக்கு அவனை எத்தனை தரம் கூப்பிட்டும் பிறகு சாப்பிடுறன் என்று குசினிப் பக்கம் போய்விட்டான். கூச்ச சுபாவம் என்றார் சிவானந்தன். எனக்கு இராசனின் மீன்குழம்பு நினைவுக்கு வந்தது.

காலையில் சிவானந்தனே எங்களை வழக்கறிஞரிடம் கூட்டிப் போனார். உள்ளே வந்து மொழிபெயர்ப்புக்கு உதவட்டுமா என்று ஆர்வமாகக் கேட்டார். எல்கே நன்றி சொல்லி மறுத்தார். அவர் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

வழக்கறிஞர் மேகன் இளம் பெண். தொடங்கும் முன் என்னிடம் தன் விதியைச் சொன்னாள். இந்த அறையில் யார் எதைச் சொன்னாலும், இருமல் தவிர, எனக்கு ஆங்கிலத்தில் வர வேண்டும். நீங்களே அவரிடம் பேசினாலும் அதுவும் வர வேண்டும். அவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். தெரியும் என்றேன். நாற்பது வருடத் தொழில்.

போர் முடிந்து எத்தனையோ காலம் சும்மா விட்டிருந்த உன்னை ஊரில் புலனாய்வுக்காரர் திடீரென்று ஏன் பிடித்தார்கள்? இதுதான் மேகனின் கேள்வி. நீதிபதி கேட்கப்போவதும் இதைத்தான் என்றாள். இதற்குப் பதில் இல்லாவிட்டால் வழக்கு இல்லை.

சுதன் கதவைப் பார்த்தான். பிறகு என் பக்கம் குனிந்தான். "ஐயா, நான் கோயில் அன்னதானத்திலை, எங்கட ஆக்களை இருக்கவிடாத இடத்திலை, உள்ளுக்கை போய் இருந்து சாப்பிட்டன். அடிச்சவை. நான் பொலிசிலை என்ட்ரி போட்டன். பிறகு அந்தத் தர்மகர்த்தாவே, இவன் இயக்கத்திலை இருந்தவன் எண்டு சிஐடிக்குச் சொல்லிக் குடுத்தவர். ஆனால் இதை இவைக்குச் சொல்லாதேங்கோ. வெளியிலை சிவா அண்ணை நிக்கிறார். நான் ஆர் எண்டு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் எனக்கு அந்த வீடும் இல்லை."

மேகன் பேனாவோடு காத்திருந்தாள். எல்கேயின் கை என் முழங்கையில் இருந்தது. உட்கார்ந்த பிறகும் அவர் அதை எடுத்திருக்கவில்லை.

சுதனிடம் சொன்னேன்: "நீ சொன்னதையும், சொல்லாதேங்கோ எண்டதையும் நான் சொல்லத்தான் வேணும். ஆனால் இங்க கேட்டது வெளியிலை போகாது. சிவானந்தனுக்குப் போகாது. அதுக்கு முன்னம் ஒண்டு கேள்."

இராசனைப் பற்றிச் சொன்னேன். கதவைப் பற்றி, அந்த ஒற்றை வாக்கியத்தைப் பற்றி, படிக்கட்டில் அவர் கேட்டதைப் பற்றி. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். அந்த மடம் என் தாயின் ஊரில் இருந்தது; அதன் சாவி யாருடைய இடுப்பில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். தாயின் தமையனான என் அம்மானின் இடுப்பில். உள்ளிருந்து வந்த குரல் யாருடையது என்றும் அன்று ஊகித்தேன். அதனால்தான் அது என் வாயில் வரவில்லை. "அவரை ஆமி கொண்டுபோனது ரெண்டாவது. முதல் அனுப்பினது நான்."

சுதன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். பிறகு கேட்டான்: "நீங்களும் அந்த ஆக்களோ?"

"ஓம்."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ" என்றான்.

சுதன் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். நான் உள்ளே போய் இருந்து சாப்பிட்டேன், என்னை அடித்தார்கள். வரிக்கு வரி சொன்னேன். மேகன் வேகமாக எழுதினாள். இடையில் ஒருதரம் நிமிர்ந்து, இது வழக்கையே மாற்றுகிறது என்றாள். பிறகு கேட்டாள், நீங்கள் அவரிடம் நீளமாக ஏதோ பேசினீர்களே, அது என்ன?

விதி விதிதான். அதையும் சொன்னேன். இராசன் என்ற பெயர் வந்ததும் எல்கேயின் விரல்கள் இறுகின. அம்மானின் சாவி வந்தபோது கையை எடுத்துவிட்டார். மேகன் எதையும் எழுதவில்லை. 

எல்கே கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்று அவர் நீளமாகப் பேசினாரே, அதுதான் பதிலா?"

"அதுதான். முழுவதும் சொன்னார்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மேகனோடு பேசினார், சுதனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பின்னேரம்வரை வேலை செய்தார். வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் நடைவண்டி நின்றது. விமான நிறுவனம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தது. எல்கே காரிலிருந்து இறங்கினார். பழக்கத்தில் நான் முழங்கையை நீட்டினேன். அவர் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தனியே உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரவுண்ட் ராக்கில் ஒரு மண்டபத்தில் கூட்டம். பின்புறம் பெரிய பாத்திரங்களில் புளிச்சாதம், கடலைக் கறி, பாயசம். சுதன் அந்தப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றான். சிவானந்தன் முன்வரிசையில் குடும்பத்தோடு இருந்தார். இன்னொரு ஆளை மொழிபெயர்க்க எல்கே கூப்பிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் மேடையில் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். கரண்டியைச் சொன்னார், தேவாலயத்தைச் சொன்னார், விமானத்தைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். கைதட்டினார்கள்.

"நான் காப்பாற்றாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் இராசன்" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினார். "மிச்சம் என்னுடையது இல்லை. அவர் சொல்வார்."

சுதன் பெயரை எங்கும் எடுக்கவில்லை. இராசனைப் பற்றி மட்டும் சொன்னேன். கோயில் மடம், பூட்டிய கதவு, வெளியே நின்றவர்கள், என் அம்மானின் சாவி, நான் விழுங்கிய பதில். சிவானந்தன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், இதெல்லாம் இப்ப என்னத்துக்கு என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். நான் முடித்துவிட்டு ஒலிவாங்கியை மேசையில் வைத்தேன்.

சுதனின் வழக்கு இதை எழுதும்வரை முடியவில்லை. அவன் இன்னும் அந்த மாடி அறையில்தான் இருக்கிறான்.

எல்கே ஒலிவாங்கியை எடுத்துத் திரும்பவும் என் கையில் தந்தார். "இப்போது ஜேர்மனில் சொல்லுங்கள். அது ஜேர்மனில்தான் விடுபட்டது."

அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே அந்த மொழி தெரியும். மொழிபெயர்ப்பாளன் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னேன். இராசன் சொன்ன ஒழுங்கிலேயே, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"நான் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மடத்துக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. நான் தட்டினேன்."